நடுமுனையின் இரண்டு கம்பிகள்

குன்வோரிடம் மழை பெய்கிறதா என்று கேட்டுவிடக் கூடாது. "நான் உள்ள உக்காந்திருக்கேன். வெளிய போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பாள். சொல்வதோடு நிற்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வருவாள். இருபது வருஷமாக அவளோடு ஒரே மேசையில் காப்பி குடித்தவன் நான். எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

என் பெயர் ஹோல்கர். எங்கள் எஃகு ஆலையின் மின் கட்டுப்பாட்டு அறையில் சுவிட்ச் திருப்புகிற ஆள். திருப்பு என்றால் திருப்புவேன், அவ்வளவுதான் என் வீரம். குன்வோர் ரிலேக்களை, அதாவது கோளாறு கண்டால் மின்சாரத்தைத் தானாக அறுக்கும் காவல் கருவிகளை, சோதிக்கிறவள். காட்டில் மரம் வெட்டியவரின் மகள். பதினாறு வயதில் வெஸ்தெரோஸ் நகரத்துக்குப் போய் ரிலேக்களுக்குச் சுருள் சுற்றும் வேலையில் சேர்ந்தாள். தாகேயைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். தாகேவுக்கு உலையில் வேலை, உருகிய எஃகைத் திறந்துவிடுகிறவர்களில் ஒருவன். உறவுக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் குன்வோர் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பாள், அப்புறம்தான் கேக்குக்குத் தட்டு நீட்டுவாள். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடமாட்டாள்.

ஒரே ஒரு முறை போட்டாள். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

எங்கள் ஆலைக்கு ஒரே உலை. அந்த உலைக்கு ஒரே பெரிய டிரான்ஸ்ஃபார்மர். நூற்று முப்பது பேர் வீட்டில் உருளைக்கிழங்கு வேகுவது அந்த ஒரு பெட்டியை நம்பித்தான். அந்த வருஷங்களில் எங்கள் பெர்க்ஸ்லாகன் வட்டாரம் முழுக்க உலைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருந்த முதலாளிகள் எங்கள் உலையை மூட ஒரு சாக்குக் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

எழுபத்தெட்டு செப்டம்பரில் பழைய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அதன் சுருளுக்குக் காவலாக ஒரு ரிலே. அதன் வேலையைச் சொல்வது சுலபம். உள்ளே வரும் மூன்று கம்பிகளிலும், சுருளின் நடுமுனையிலிருந்து மண்ணுக்கு இறங்கும் கம்பியிலும் மின்சாரத்தை அளக்கும் வளையங்கள் இருக்கும். நான்கையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் சுருளுக்குள்ளேயே எங்கோ மின்சாரம் மண்ணுக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். ரிலே கண் இமைப்பதற்குள் டிரான்ஸ்ஃபார்மரை அறுத்துவிடும். மற்ற ரிலேக்களும் உண்டு. ஆனால் சுருளின் அடிச்சுற்றுகளில், நடுமுனைக்குப் பக்கத்தில் நடப்பது அவற்றின் கண்ணில் படாது. அதைப் பார்க்க இது ஒன்றுதான்.

இந்தக் கூட்டல் சரியாக வருகிறதா என்று சோதிக்க டிரான்ஸ்ஃபார்மரை அரை நாள் நிறுத்திவைத்து, வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திப் பார்க்க வேண்டும். அன்று உலை ஏற்கெனவே இரண்டு வாரம் தாமதம். ஆலை மேலாளர் சிக்ஸ்டன் வந்து நின்றார். நாடே எல்லோரையும் "நீ" என்று கூப்பிடப் பழகிவிட்ட காலம் அது. ஆனாலும் சிக்ஸ்டனைப் பார்த்தால் எங்கள் வாயில் "நீங்க" தானாக வந்துவிடும்.

"லோடு ஏத்திப் பாத்தாச்சு. முள்ளு பூஜ்யத்துல நிக்குது. இன்னும் என்னம்மா சோதனை?" என்றார்.

"லோடு ஓடுறப்ப நடுமுனைல மின்சாரமே வராது. வளையம் நேரா இருந்தாலும் பூஜ்யம், தலகீழா இருந்தாலும் பூஜ்யம். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"இவ்ளோ வருஷத்துல நீ மாட்டி எதாவது தப்பாப் போயிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? போடு கையெழுத்த. வெளிய உலை காத்துக்கிட்டு நிக்குது."

படிவத்தில் "நிலைப்புச் சோதனை" என்று அந்தக் கூட்டல் சோதனைக்கு விட்டிருந்த இடத்தில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் காப்பிக்கு அவள் வரவில்லை. எல்லோரும் பாராட்டுவார்களே என்று வெட்கப்பட்டு வரவில்லை என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் இடி ஆரம்பித்தது. ஏழு கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் எங்களுக்கு வரும் லைனில் இடி விழுந்தது. வழக்கமாக என்றால் லைன்காரர்களின் பிரேக்கர் ஒரு நொடியில் மின்சாரத்தை விட்டுப் பிடித்திருக்கும், எங்களுக்கு விளக்கு ஒரு முறை சிமிட்டியிருக்கும். ஆனால் எங்கள் ரிலே அடித்து டிரான்ஸ்ஃபார்மரை அறுத்துவிட்டது. தன் வீட்டுக்குள் நுழைகிறவனைப் பார்த்து மட்டும் குரைக்க வேண்டிய நாய், தெருவில் போகிறவனைப் பார்த்துக் குரைத்த கதை. இந்த ரிலே அடித்தால் சுருளைச் சோதிக்காமல் திரும்ப மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். அதற்குள் உலையில் நாற்பது டன் எஃகு உறைந்துவிட்டது. தாகேயும் ஆறு பேரும் மூன்று நாள் அதை இடித்து எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு இடி. அதே கதை. மறுபடியும் மூன்று நாள் இடிப்பு.

குன்வோர் நேராக சிக்ஸ்டனின் அறைக்குப் போனாள். துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"செப்டம்பர்ல நான் பொய் எழுதினேன். அந்தச் சோதனைய நான் பண்ணல" என்றாள்.

சிக்ஸ்டன் கதவைச் சாத்தினார். "நாந்தான் பண்ண விடல. அத யார்ட்டயும் சொல்லிட்டு இருக்காத. இப்ப என்ன செய்யணும்?"

"அரை நாள் குடுங்க. சோதிச்சு, தப்பு எங்கன்னு பாத்து, சரி பண்ணித் தரேன்."

"அரை நாள்னா ரெண்டு தடவ உருக்கற எஃகு போச்சு. ஏற்கெனவே ஆறு நாள் போச்சு. ஜூன் மாசக் கணக்கு குறைஞ்சா மேல இருக்கறவங்க உலைய மூடிடுவாங்க, எழுதியே அனுப்பிட்டாங்க." ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். எத்தனையோ முறை மடித்துப் பிரித்துக் கசங்கிப்போன காகிதம். எனக்கு அவர்மேல் கோபம் வர மாட்டேன் என்றது, அதுவே ஒரு எரிச்சல். "ஜூலைல நாலு வாரம் லீவு. அப்ப ஆலையே நிக்கும். எவ்ளோ நாள் வேணும்னாலும் எடுத்துக்க. அதுவரைக்கும் அந்த ரிலேயத் தடுத்து வை."

"அது தூங்கினா அடிச்சுற்றப் பாக்க ஆளே இல்ல."

"முழிச்சிருந்தா அடுத்த இடிக்கு உலையே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் நான்தான் தடுப்புச் சாவியைத் திருப்பினேன். மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, பதிவேட்டில் எழுதினேன்.

மறுநாள் அவள் என் அறையில், ரிலே இருந்த பலகைக்கு முன்னால் வரைபடத்தைப் பரப்பிவைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "நடுமுனை வளையத்தத் திருப்பி மாட்டியிருக்காங்கன்னு நினைக்கறேன். புது டிரான்ஸ்ஃபார்மர்ல அது எதிர்ப் பக்கம் பாக்குது. நான் பழைய மாதிரியே கம்பி கட்டிட்டேன்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ரெண்டு கம்பிய மாத்திக் கட்டணும். இந்தப் பலகையிலயே. பத்து நிமிஷம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டிரான்ஸ்ஃபார்மர நிறுத்த வேணாமா?"

"மாத்தறதுக்கு வேணாம். சோதிக்கறதுக்கு வேணும்."

"அம்மா தாயே! அப்ப மாத்திட்டுத் தடுப்ப எடுத்துட வேண்டியதுதானே! ஜூலைல மெதுவா சோதிச்சுக்க."

"நினைக்கறேன்னுதான் சொன்னேன். தெரியும்னு சொல்லல. கம்பி எங்கயாவது விட்டிருக்கலாம். மூணு வளையத்துல ஒண்ணு தப்பா இருக்கலாம். நான் நினைக்கறது தப்பா இருந்தா அடுத்த இடிக்கு மறுபடியும் உலை உறையும். அப்ப அதுவும் என் கையெழுத்துதான்."

"நீ சொல்லி எப்பம்மா தப்பாப் போயிருக்கு?"

"இதையேதான் சிக்ஸ்டனும் கேட்டாரு, செப்டம்பர்ல."

எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியாமல் இல்லை. பலகை என் அறையில்தான் இருந்தது. அவள் வீட்டுக்குப் போன பிறகு நானே மாற்றியிருக்கலாம். தைரியம் வரவில்லை. வந்ததாகச் சொல்லிக்கொள்ள இப்போது ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜூனில் அவள் நான்கு முறை அரை நாள் கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்குக்கூட இறங்கி வந்தாள். சிக்ஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தைக் காட்டினார். தினமும் காலையில் வேலிக்கு வெளியே நின்று டிரான்ஸ்ஃபார்மரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். காப்பி வேளையில் தாகே எங்கள் அறைக்கு எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்வான். "எங்க வீட்டுக்காரி இப்ப அந்தப் பெட்டியோடதான் குடித்தனம். என் குறட்டைய இவ்ளோ உன்னிப்பா ஒரு நாளும் கேட்டதில்ல." எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக. இரண்டு கம்பி விஷயத்தை அவனிடம் அவள் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

கோடைத் திருவிழாவான மிட்சம்மருக்கு முந்தின வியாழக்கிழமை. கேன்டீனில் பட்டாணிச் சூப்பும் பான்கேக்கும். பாதிப் பேர் மனதளவில் ஏற்கெனவே ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஒரு மணி பத்துக்கு வெளியே தொம் என்று ஒரு சத்தம் கேட்டது, தொடர்ந்து ஓர் உறுமல். என் மேசையில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, ஒரு மணியும் அடிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியின் பக்கச் சுவர் புடைத்துக்கொண்டு வந்தது. எண்ணெய்க்குள் வாயு சேர்ந்தால் அடிக்கும் ரிலே கடைசியில் அடித்து அறுத்தது. சில நொடிகள்தான். சுருளுக்கு அது ஒரு யுகம்.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. குன்வோர் சூப்புக் கரண்டியோடு ஓடி வந்தாள். சரளைக் கற்களில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. "எங்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மர் செய்த தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். அடிச்சுற்றில், நடுமுனைக்குப் பக்கத்தில் காப்புத் தாள் விட்டுப்போய் மின்சாரம் மண்ணுக்கு ஒழுகியிருக்கிறது. உடனே அறுபட்டிருந்தால் நாலு சுற்று கருகியிருக்கும், ஆறு வாரத்தில் சரி செய்து தந்திருப்போம் என்றார்கள். இப்போது சுருளும் போச்சு, உள்ளிரும்பும் போச்சு. புதியது வேண்டுமென்றால் பதினான்கு மாதம். ஸ்டாக்ஹோம்காரர்கள் பதினான்கு நாள்கூடக் காத்திருக்கவில்லை. ஜூலை விடுமுறைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். உலை மூடப்படும், நூற்று முப்பது பேருக்கும் அக்டோபரோடு வேலை முடியும்.

அப்புறம் வேடிக்கை பாருங்கள், காப்பீட்டுக்காரர்களுக்கு அறிக்கை வேண்டுமாம். அந்த ரிலேயைச் சோதித்துத் தரச் சொன்னார்கள். அரை நாள் அல்ல, எத்தனை நாள் வேண்டுமானாலும்.

ஜூலை முதல் வாரம், ஆளில்லாத ஆலை. எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கேபிள் போட்டு, வளையங்கள் வழியாக மின்சாரம் செலுத்தினாள். முள் எகிறியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பலகைக்கு வந்து, நடுமுனையின் இரண்டு கம்பிகளைக் கழற்றி மாற்றிக் கட்டினாள். திரும்பச் செலுத்தினாள். முள் பூஜ்யத்தில் நின்றது. ஒவ்வொரு கம்பியாக மூன்றிலும் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"தடுப்ப எடு ஹோல்கர்" என்றாள்.

"எதுக்கு? காவல் காக்க அங்க என்ன இருக்கு?"

"ரிலே சரியா இருக்கு. எடு."

எடுத்தேன். படிவத்தில் "நிலைப்புச் சோதனை: சரி" என்று அவள் எழுதினாள். எழுத்து செப்டம்பரில் எழுதியதைப் போலவேதான் இருந்தது.

அவளை அழைத்துப்போக தாகே வந்திருந்தான். கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான் போல.

"இதுதானா தப்பு?"

"ஆமா."

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சு?"

அவள் பொய் சொல்லக் கூடாதா என்று எனக்குப் பதறியது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஒம்போது நிமிஷம்."

"டிரான்ஸ்ஃபார்மர் ஓடுறப்பவே பண்ணியிருக்கலாமா?"

"பண்ணியிருக்கலாம்."

"இதுதான்னு அப்பவே தோணுச்சா?"

"தோணுச்சு. தெரியாது, தோணுச்சு."

தாகே பலகைக்குப் பக்கத்தில் வந்து அந்த இரண்டு கம்பிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நானே வந்து உன் கால்ல விழுந்து கேட்டிருந்தா?"

குன்வோர் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பாவி, அந்த நேரத்தில்கூட.

"மாட்டேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனான். அவள் படிவத்தின் அடியில் நேரத்தை எழுதி, மை காயும்வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.