வீட்டில் இருக்கும் நேரம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் கிராமத்தில் இது நடந்தது. நினைத்தால் இப்போதும் எது முன், எது பின் என்று குழம்பிவிடுகிறது. அதனால் முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஏரிக்குக் கீழே, ஊரை விட்டு ஒதுங்கினாற்போல இருளர் குடியிருப்பு, பத்தொன்பது வீடுகள். அந்தப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதற்காக வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுத்தேன்.

2. வீட்டு எண், பெயர், புகைப்படம் என்று ஆறு கட்டங்கள். ஏழாவதாக ‘வீட்டில் இருக்கும் நேரம்’ என்று நானே ஒன்று சேர்த்தேன். விசாரிக்க வரும் அலுவலர் வீணாக அலையக் கூடாதே என்றுதான். எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஏறக்குறைய எல்லா வரியிலும் ‘மாலை 4 மணிக்கு மேல்’ என்று எழுதினேன்.

3. அதை அலுவலருக்குத் தனியாக அனுப்பவில்லை. அவரும் இருக்கிறாரே என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

4. மூன்று வாரம் கழித்து, பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று குரல் பதிவுகள் வரத் தொடங்கின.

5. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு, என் பட்டியல் என் போனுக்கே திரும்பி வந்தது. மூன்று ஆண்களின் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, “ஒரு புள்ளைய காணோம். இவனுங்கதான். நாலு மணிக்கு மேல எல்லாம் வூட்லதான் இருப்பானுங்க. வந்துடுங்க.”

அந்த நாலு மணி நான் எழுதிக் கொடுத்தது.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். கிளம்புகிறோம், ஆனால் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மையத்தைப் பூட்டக்கூட இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே நூறு நாள் வேலையில் முப்பது பெண்கள் கால்வாய் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். போகும்போதே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு வரப்போகிறவர்கள் இந்தப் பெண்களின் மகன்களும் தம்பிகளும்தானே? இவர்கள் என்னை நம்புவார்களா, போனில் வந்ததை நம்புவார்களா?

வேலையைக் கவனிக்கும் மேட் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பட்டியல் என்னுடையது என்பதையும் சொன்னேன். இருளர் குடியிருப்புப் பெண்கள் நாலு பேர் அங்கேயே மண் சுமந்துகொண்டிருந்தார்கள். கூடைகளைப் போட்டுவிட்டு வீடுகளைப் பார்த்து ஓடினார்கள். மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“நடுங்கறத அப்பறம் நடுங்கு. யாரு வூட்டுப் புள்ளய காணோம்னு போட்டுக்கீது?” என்றார் மேட் அக்கா.

“போடலக்கா.”

தினமும் காலையில் அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தெருவாரியாகப் பெயர் கூப்பிடுவார். அன்றைக்கு அதே நோட்டை மதியம் திறந்தார். மேலத்தெருவிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தெருப் பெண்களும் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து தெரு. கடைசித் தெரு முடியும்போது மணி மூன்று இருபது. ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை.

“வெளியூரு புள்ளயா இருந்தா?” என்று ஒருத்தர் இழுத்தார்.

“அப்ப அந்த ஊர்ல இல்ல தேடணும்? நம்ம ஏரிக்கரையில இன்னா வேல அவனுங்களுக்கு?” என்றார் மேட் அக்கா.

ஏழெட்டுப் பேர் வரமாட்டோம் என்றார்கள். வீட்டில் அடி விழும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? மற்றவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார்கள். மேட் அக்கா திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னார்: “மம்மட்டியெல்லாம் இங்கயே போட்டுட்டு வாங்க. கையில ஒண்ணும் இருக்கக் கூடாது.”

குடியிருப்பில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. சிவப்பு வட்டத்துக்குள் இருந்தவர்களில் ஒருவர் வெளியே நின்றார். பட்டியலுக்காகப் படம் எடுத்த அன்று, “சிரிக்கலாமா பாப்பா?” என்று கேட்டவர். இப்போது தோளில் சின்ன மகள், கையில் ஒரு துணிப்பை.

“ஓடுனா திருடன்னுவானுங்கோ. இருந்தா அடிப்பானுங்கோ. இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு.”

எதற்கும் ஒரு வழிமுறை உண்டு என்று படித்தவள் நான். போலீஸ் கிளம்பிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பாதைக்குத் திரும்பினேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பைக் சத்தம் கேட்டது. நாற்பது பேர் இருக்கும். சவுக்குக் கட்டை, கிரிக்கெட் ஸ்டம்ப். பாதையின் குறுக்கே பெண்கள் கை கோத்து நின்றார்கள். நானும் நின்றேன். என் இரண்டு பக்கமும் இருந்தவர்களின் கைகளில் இன்னும் ஈர மண் ஒட்டியிருந்தது.

“வழிய வுடுங்கக்கா. பொம்பளைங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம்” என்றான் முன்னால் வந்தவன்.

“வுடறேன். எந்த வூட்டுப் புள்ளடா காணோம்? பேரு சொல்லு, எழுதிக்கிறேன்.” மேட் அக்கா நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார்.

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் இன்னொருவனைப் பார்த்தான். அப்போது எங்கள் வரிசையில் ஒரு அம்மாவுக்குத் தன் மகன் கண்ணில் பட்டுவிட்டான். “நாஷ்டா துன்னுட்டுத் தூங்கினுகீறான்னு பாத்தா, என் மாட்டுக் கொட்டாய் கட்டைய புடுங்கினு வந்துகீறாம்பாரு!” யாரோ சிரித்தார்கள். மறு நொடி கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அதே அம்மாவின் தோளில் பட்டது. அவர் கையை விடவில்லை.

மேட் அக்கா எங்களைத் தாண்டிக் குடியிருப்புப் பக்கம் போய் நின்று போனை எடுத்தார். “ரெண்டாவது போட்டோ இன்னும் எடுக்கல. எல்லாரும் நிமிந்து நில்லுங்க. வந்துக்கீற மாப்பிள்ளைங்களும் நில்லுங்கப்பா, பேரு ஒண்ணொண்ணா அப்பறம் எழுதிக்கிறேன்.”

நூறு நாள் வேலையில் காலையும் மதியமும் வேலை ஆட்களைப் படம் எடுத்து அரசு ஆப்பில் ஏற்ற வேண்டும். அந்தப் படத்துக்குத்தான் நாங்கள் அவர் பக்கம் திரும்பி நின்றோம். எங்களுக்குப் பின்னால் நாற்பது ஆண்கள். முதலில் ஒருவன் முகத்தைத் திருப்பினான். ஒருவன் துண்டால் மூடிக்கொண்டான். பின்வரிசையில் பைக்குகள் கிளம்பும் சத்தம் கேட்டது. போலீஸ் ஜீப் வந்தபோது முன்னால் நின்ற ஐந்தாறு பேர்தான் மிச்சம். கட்டைகள் வழியெல்லாம் கிடந்தன.

பட்டியல்கள் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. இப்போது எதை எழுதினாலும், இது யார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை நின்று பார்க்கிறேன். ஏதோ ஒரு நாட்டில் ஒரு இனத்தையே தேடிப் பிடித்து அழித்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம், அந்த முகவரிகளை முதலில் எழுதியவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவரும் நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கலாம்.

இன்றைய நிலை இதுதான். அந்தப் படம் ஏறவில்லை, வேலை நடக்கும் இடம் இது இல்லை என்று ஆப் தள்ளிவிட்டது. அன்று வந்த பெண்கள் ஒருவருக்கும் வருகை பதியவில்லை. பதினெட்டு வீடுகளின் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டேன். துணிப்பையோடு நின்றவர் மறுநாள் விடியும் முன் குடும்பத்தோடு போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மகளின் சான்றிதழ் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பட்டியலைக் குழுவிலிருந்து அழித்துவிட்டேன். எத்தனை போன்களில் அது இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.