ஊசியக்காவின் ஆறு ஆந்தைகள்

ஊசியக்காவுக்கு நிஜப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் அது தெரியாது. தபால்காரர்கூடக் கீழே நின்று "ஊசியக்கா!" என்றுதான் கத்துவார். கல்யாண உடைகளில் மணி தைப்பது அவள் தொழில். கடையிலிருந்து துணி வரும். மேலே பென்சிலில் கொடியும் பூவும் வரைந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் கடுகு போன்ற மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றித் தைக்க வேண்டும். ஒரு கண்ணாடி போதாமல் மேலே இன்னொன்றும் போட்டுக்கொள்வாள்.

"நீங்க ஏங்கா கல்யாணமே பண்ணிக்கல?" என்று ஒருமுறை வாய்க்கொழுப்பாகக் கேட்டுவிட்டேன்.

"எத்தனை கல்யாணத்துக்கு மணி தைச்சிருக்கேன். ஒரு மாப்பிள்ளையாவது உருப்படியா இருந்தா சொல்லு" என்றாள்.

பள்ளி விடுமுறை விட்டால் குடியிருப்புப் பிள்ளைகள் ஆறு பேர் அவள் வீட்டில்தான். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவள் வீட்டிலேயே இருப்பவள். முதலில் சும்மா பார்த்துக்கொள்ளத்தான் விட்டோம். அவளோ சும்மா இருக்கிற பிள்ளையைக் கண்டால் ஊசியைக் கையில் கொடுத்துவிடுவாள். மழைக்காலத்தில் பால் பாக்கெட் உறைகளைக் கழுவிக் காயவைத்து, பொம்மைக்குக் குடை தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். காற்றடிக்கும் மாதத்தில் காகிதக் காற்றாடி. நடுவில் ஆணிக்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான். குளிரில் ஒற்றைக் காலுறைகளில் பஞ்சடைத்து முயல். எல்லாம் வீட்டிலேயே கிடக்கிற பொருள்கள், அரை நாள் வேலை. ஆனால் பசை மட்டும் கூடாது. "பசை இன்னிக்கு ஒட்டும், நாளைக்கு உதிரும். நூலை நம்புங்கடா" என்பாள். பசைப் புட்டியோடு வந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

என் மகளுக்கு ஐந்து வயது. வாய் ஓயாது என்பதால் சில்வண்டு என்று பெயர் வைத்ததும் ஊசியக்காதான்.

இந்த வெயில்காலத்துக்கு ஆந்தை. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே துணிப்பெட்டியை ஏற்றி நான்கு நாள் அழுத்த வேண்டும். அட்டையை முட்டை வடிவில் வெட்டி, இலைகளைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல அடுக்கித் தைத்தால் சிறகு. காய்ந்த ஆரஞ்சுத் தோலில் மூக்கு. கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாம் என்றாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பொத்தான் வேணாம்கா. நான் குன்றிமணி கொண்டு வரேன். சிவப்பும் கறுப்புமா, ஆந்தை முழிச்சுப் பாக்கற மாதிரியே இருக்கும்."

நான் பார்சல் கிடங்கில் முகவரி பிரிக்கிற வேலை செய்கிறேன். கிடங்குக்குப் பின்னால் கம்பி வேலி முழுக்க அந்தக் கொடிதான். வெயிலுக்குக் காய்கள் வெடித்து, விதைகள் சிவப்பாகத் தெரியும். ஒரு காகித உறையில் நான் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கிடங்குக் காவலாளி பார்த்தார்.

"பாத்து எடும்மா. அது விஷம். முழுசா முழுங்கினா ஒண்ணும் ஆகாதும்பாங்க. உடைஞ்சா ஆபத்து. குழந்தை இருக்கற வீடு வேற."

"சரிண்ணே" என்றேன். பஸ் வந்துவிட்டது, ஓடினேன். அவர் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல ஆசைதான். விழுந்தது. மறுநாள் காலை உறையை ஊசியக்காவிடம் கொடுத்தபோது அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டேன். மறதிக்கு மன்னிப்பு உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உறையைப் பிரித்தவள் பூரித்துப்போனாள். "குப்பையில கெடந்தாலும் குண்டுமணி நிறம் மாறாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்றாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு சொட்டுப் பசையில் ஒட்டியிருப்பார்கள். விதையின் தோல் உடையாமலே இருந்திருக்கும். ஊசியக்காவோ அன்று மாலையே உட்கார்ந்து, பெரிய ஊசியைக் குறட்டில் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, விதை விதையாக இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தாள். பதினான்கு விதைகள். ஆறு ஆந்தைக்குப் பன்னிரண்டு, கைக்காவலுக்கு இரண்டு. உறையில் மிச்சமிருந்ததைக் கட்டி அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை ஷிப்டு முடிந்து நான் திரும்பியபோது மதியம் மணி இரண்டேகால். ஊசியக்கா கையில் ஒரு கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"ஒரு கண்ணு கொறையுது" என்றாள்.

மணி எண்ணுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. தைத்தது பதினொன்று, கிண்ணத்தில் இரண்டு. பதின்மூன்றுதான் இருக்கிறது. பாயை உதறியாயிற்று, இலைக் குப்பையை முறத்தில் போட்டுச் சலித்தாயிற்று. சுவரோரம் ஆறு ஆந்தைகள் வரிசையாக நின்றன. ஐந்துக்கு இரண்டு கண். சில்வண்டின் ஆந்தைக்கு ஒற்றைக் கண். மறு கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல் தொங்கியது.

காவலாளியின் குரல் அப்போதுதான் திரும்பக் கேட்டது.

"அவ வாயில போட்டா ஆன்ட்டி, நான் பாத்தேன்" என்றாள் மாடிவீட்டுப் பெண். எட்டு வயதுக்காரி, பொய் சொல்லமாட்டாள்.

சில்வண்டு வாயே திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. நான் மண்டியிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மிட்டாய்னு நெனச்சேன். கடிக்க முடியல. முழுங்கிட்டேன்."

"எப்போ? எப்போடி?"

"சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடிதான் கண்ணு தைச்சோம்" என்று ஊசியக்கா பதில் சொன்னாள். "ஒன்றரை இருக்கும். ஏன் இப்படி நடுங்கறே? கொட்டை முழுங்கினா காலையில வெளிய வந்துடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்கா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளை அப்போதுதான் வேலை விட்டு வந்த மாடிவீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, கிண்ணத்தில் இருந்த இரண்டு விதைகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினாள். "டாக்டர் என்னன்னு கேப்பாங்கல்ல, காட்டணும்" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

டாக்டர் சின்னப் பெண். விதையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எத்தனை?"

"ஒண்ணு."

"மென்னு சாப்பிட்டாளா, அப்படியே முழுங்கினாளா?"

"அப்படியே முழுங்கிட்டா டாக்டர்" என்றேன்.

டாக்டர் மூச்சு விட்டாள். "நல்லவேளை. தோல் ரொம்பக் கெட்டி. உடையலைன்னா அப்படியே வெளிய வந்துடும்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன்.

"டாக்டர்" என்றாள் ஊசியக்கா. "அதுல ஓட்டை இருக்கு. நூல் கோக்கறதுக்காக நான் காய்ச்சின ஊசியால குத்தினேன். இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தேன்."

அந்த நிமிடம் அவளை அடியோடு வெறுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் என்ன என்று நினைத்தேன். அவள் வாயை மூடியிருந்தால் டாக்டர் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பாள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

டாக்டர் விதையை வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். கரித்தூள் கரைத்த கறுப்புத் தண்ணீரைச் சில்வண்டு திமிறத் திமிறக் குடிக்க வைத்தார்கள். கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள்.

"இதுக்கு மாற்று மருந்து கிடையாது. பாதிப்பு உடனேயும் தெரியாது. மூணு நாள் பாக்கணும்" என்ற டாக்டர், எங்கள் பக்கம் திரும்பினாள். "இதை யாரு குழந்தைங்க கையில குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு சில்வண்டின் நெற்றியைத் தடவினேன்.

"நான்தான்" என்றாள் ஊசியக்கா.

"விஷம்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது டாக்டர்."

தெரிந்தவள் ஒருத்தி பக்கத்திலேயே கல்லாட்டம் நின்றாள்.

கணவர் லாரியோடு நான்கு நாள் தூரத்தில் இருந்தார். மாமியார் வந்து சேர்ந்தார். அவர் நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு வேலி கிடையாது. அன்று மாலை சில்வண்டு வாந்தி எடுத்தாள். விடிந்ததும் வயிற்றுப்போக்கு. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் இமையை மட்டும் அசைத்தாள். நர்ஸ் மணிக்கொருதரம் நாடி பிடித்துப் பார்த்துத் தாளில் எழுதினாள். "எப்படி இருக்கு?" என்றால், "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்பாள். என் பிள்ளை போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் போனால் அவளைக் கொன்றது என் சோம்பேறி நாக்குதான் என்றும் நினைத்தேன்.

இரண்டாம் நாள் மதியம் கீழே மாமியாரின் குரல் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வெளிக்கதவருகே ஊசியக்கா துணிப்பை ஒன்றோடு நின்றாள். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"குழந்தைக்கு விஷத்தைக் குடுத்துட்டு இங்க எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தே? உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

எப்பேர்ப்பட்ட வாய்க்காரி ஊசியக்கா! தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என்னால் பார்க்க முடியவில்லை. நர்ஸிடம் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

"நிறுத்துங்க அத்தை. அந்த விதையைக் கொண்டுவந்து குடுத்தது நான்தான்."

மாமியார் பதில் சொல்வதற்குள் ஊசியக்காதான் முந்திக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? பறிச்சது ஒரு தப்பா? ஓட்டை போட்டது நான். நீ மேல போ, குழந்தை தனியா இருக்கு."

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். நல்லவள் என்ற பெயரோடு மேலே போயிருக்கலாம். ஆனால் அவள் எனக்காகப் பேசப் பேச என்னால் பொறுக்க முடியவில்லை.

"விஷம்னு எனக்கு முன்னாடியே தெரியும்கா. கிடங்குக் காவலாளி சொன்னார். உடைஞ்சா ஆபத்துன்னும் சொன்னார். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

ஊசியக்கா மேல் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு அடுத்ததையும் கழற்றினாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ரொம்ப வயதானவளாகத் தெரிந்தாள்.

"தெரிஞ்சா குடுத்தே?"

"மறந்துட்டேன்கா."

"ஆறு குழந்தைங்கடி." அவள் கத்தவில்லை. "ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலயும் ரெண்டு ரெண்டா வச்சு, நானே விரலை மடக்கி மூடினேன். 'கண்ணு பத்திரம், தொலைச்சிடாதீங்க'ன்னு சொன்னேன். ஆறு பேருக்கும்."

துணிப்பையை என்னிடம் கொடுக்கவில்லை, மாமியார் கையில் கொடுத்தாள். சில்வண்டின் கவுன்கள் இரண்டு, துவைத்து மடித்தவை. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நேரே குடியிருப்புக்குப் போய், ஆறு ஆந்தைகளையும் எடுத்துவைத்து, ஒவ்வொரு கண்ணாக நூலை அறுத்து எடுத்தாளாம். பதினொன்றும் சரியாக இருக்கிறதா என்று எண்ணினாளாம். அலமாரியில் இருந்த உறையையும் சேர்த்து ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்தாள். பிறகு ஐந்து வீட்டுக் கதவையும் தட்டி, நடந்தது என்ன, பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் உடனே எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரை ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. அதை மாடிவீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை சில்வண்டு கண்ணைத் திறந்து, "அம்மா, இந்த நர்ஸ் ஆன்ட்டி பேனாவுல ரப்பர் இருக்கு, எனக்கும் அப்படி ஒண்ணு வேணும், அப்புறம் பசிக்குது, இந்தக் கட்டில் ஏன் இவ்வளவு ஒசரம்?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். நான் வாய்விட்டு அழுதேன். மாமியாரும் அழுதார். டாக்டர் ரத்தச் சோதனைத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "இனிமே பயமில்ல" என்றாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

விடுமுறை இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. ஊசியக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சில்வண்டு ஒரு வாரம் உயிரை எடுத்தாள். கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மற்ற ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் திரும்ப வந்திருந்தார்கள். இந்தமுறை காகிதத்தொப்பி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடி சில்வண்டு" என்று எழுந்து வந்தாள் ஊசியக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை வாசலிலேயே நிறுத்தினாள். கவுனின் இரண்டு பைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். ஒரு ரப்பர் வளையமும் மிட்டாய்க் காகிதமும் விழுந்தன. இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளங்கையை விரிக்கச் சொன்னாள். "ஆ காட்டு" என்று வாய்க்குள் பார்த்தாள். அப்புறம்தான் உள்ளே விட்டாள்.

மற்ற மூன்று பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே ஓடுகிறார்கள். என் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு மட்டும்தான். படியில் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். சில்வண்டு அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, இப்போதெல்லாம் தானே பைகளைத் திருப்பிக் காட்டுகிறாள்.

நான் வேலைக்குப் போகிற அவசரத்திலும் அங்கேயே நிற்கிறேன். ஊசியக்கா பார்த்து முடிக்கும்வரை ஒரு அடிகூட நகர்வதில்லை.