காட்டு ஏலக்காய் எண்ணெய்

எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஃபிரிட்ஜில், தயிர்ச் சட்டிக்கும் தோசை மாவுக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று சித்தி என்னிடம் சொல்லிவைத்திருந்தார். சொல்லவேண்டிய ஆளை விட்டுவிட்டார்.

சித்தி பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இஞ்சி, மஞ்சள், ஏலம் எல்லாம் ஒரே குடும்பமாம். அவற்றின் எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மலைக்காட்டில் தேடிப் பறித்த காட்டு ஏலக்காயை ஆவியில் வடித்ததில் மிஞ்சியது அந்தக் குப்பியின் அடியில் கிடந்த எண்ணெய். அந்த வருஷத்துக் காய்ப்பும் முடிந்திருந்தது. இனி ஓர் ஆய்வுகூட மெஷினில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் ஆய்வை எழுதி முடிக்கலாம். தை மாதம் கனடாவில் சித்திக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு படிப்பாவது ஒன்றாவது.

அம்மாவுக்குத் தங்கச்சியின் படிப்பில் சரியான பெருமை. சாப்பிடும்போது விளக்கம் கேட்பார்.

"யூக்கலிப்டஸ் எண்ணெயில இருக்கிற சினியோல்தான் அக்கா, இதிலயும் கனக்க இருக்கு" என்று சித்தி ஒருநாள் சொன்னார். எங்கள் வீட்டில் விஞ்ஞானம் ஒழுங்காகக் காதில் ஏறியது அந்த ஒருமுறைதான்.

குப்பியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக இருந்ததற்கு முதல்நாள் பின்னேரம் சித்தி கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தார். நான் தடிமனில் மூக்கடைத்து, மூச்சுவிட முடியாமல் அழுதேன். யூக்கலிப்டஸ் போத்தல் காலி. வெளியே அடைமழை. அம்மா யோசிக்கவேயில்லை. குப்பியைக் கொதிநீர்ச் சட்டியில் கவிழ்த்து, என்னைக் குனியவைத்துப் போர்வையால் மூடினார். பாயசமும் மருந்தும் கலந்த மணம். மூக்கு திறந்துகொண்டது. அப்படி ஒரு சுகம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

சித்தி நனைந்து வந்து சேர்ந்ததும் அம்மா பெருமையாகச் சொன்னார்: "உன்ர எண்ணெய் நல்ல சாமான். பிள்ளைக்கு உடன சுகமாப் போச்சு."

"முழுக்க விட்டிட்டீங்களோ அக்கா?"

"ஓம், கொஞ்சம்தானே கிடந்தது. வேணுமெண்டா மெயின் றோட்டுக் கடையில ஏலக்காய் வாங்கித் தாறன், திரும்ப வடிச்சு எடு."

அம்மா தேத்தண்ணீர் போடப் போனார். சித்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய மூக்கு சிவந்திருந்தது, கண்ணிலும் நீர். என் தடிமன் தொற்றிவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"நீங்களும் ஆவி பிடியுங்கோ சித்தி" என்றேன்.

சித்தி மறுக்கவில்லை. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சட்டியின்மேல் குனிந்தார். தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. ஆறின தண்ணீருக்குமேல் இவ்வளவு நேரம் என்னத்தைப் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.