கோமதி டீச்சர் சொல்லாமல் போன உரம்

கோமதி டீச்சர் இறந்த செய்தி எனக்கு உரக்கடையில் வைத்துத்தான் கிடைத்தது. ராஜபாளையம் பஜாரில் அந்தக் கடையின் மேசை மேல் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்று எலுமிச்சைக்கென்றே விற்கிற நுண்ணூட்டக் கலவை, இன்னொன்று வேப்பம்புண்ணாக்கு. இரண்டில் எது என்று கேட்பதற்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டேன். அவருடைய மருமகள் மீனா எடுத்தாள்.

“டீச்சர், அத்தை காலையில தவறிட்டாக. அடுத்து உங்களுக்குத்தான் பண்ணணும்னு போனைக் கையில எடுத்தேன்” என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடைக்காரர், “ரெண்டுல எதும்மா போட?” என்று கேட்டார். நான் கோமதி டீச்சரிடம் கேட்க வைத்திருந்த அதே கேள்வி. கை எதைக் காட்டியதோ தெரியாது, நுண்ணூட்டப் பொட்டலத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையோடு பஸ் ஏறி, அந்தப் பையோடுதான் இழவு வீட்டில் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மூன்று வருஷமாகக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இப்படிப் படுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்?

அவரிடம் அறிவியல் படித்தவர்களும், எங்களோடு ஆசிரியர் அறையில் டீ குடித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிப் பள்ளியில் கேட்டார்கள். எழுதுகிறேன். அவர் என்னைப் படுத்திய பாட்டையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பாதியை மறைத்து எழுதினால் அது கோமதி டீச்சராக இருக்காது.

நேராகப் பதில் சொல்வது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. ஒருமுறை பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எழுப்பி, வேப்பிலையின் விளிம்பு எப்படி இருக்கும் என்று கேட்டார். அவள் விழித்தாள். இவர் குறுக்கே புகுந்து, “செத்த பொறுங்க சார், அவ வெளிய போயி மரத்தைப் பாத்துட்டு வரட்டும்” என்றார். அந்தப் பெண் மைதானத்தின் கோடிக்கு நடந்து போய்த் திரும்பும் வரை அதிகாரி நின்றுகொண்டே இருந்தார். தலைமையாசிரியைக்கு வியர்த்து ஊற்றியது. திரும்பி வந்தவள் சரியாகச் சொன்னாள் என்பது வேறு விஷயம். சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். நான் அன்று அவரைத் திட்டியபோது, “பாத்தவளுக்கு மறக்காது ஏட்டி” என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார்.

என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் கணக்கு டீச்சர் என்பதால் ‘கணக்கு’. என்னை விட மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் ‘கோமதிக்கா’ என்பேன்.

திங்கட்கிழமைதோறும் ஒரு மஞ்சப்பை நிறைய எலுமிச்சம்பழம் ஆசிரியர் அறை மேசைக்கு வரும். அவர் வீட்டு மரத்துப் பழம். ஊறுகாய்க்கு, வெள்ளிக்கிழமை விளக்குக்கு, புது வண்டிக்கு என்று ஆளுக்கு நாலு எடுத்துக்கொள்வோம். என்ன உரம் போடுகிறீர்கள் என்று யார் கேட்டாலும், “மரத்துக்கு வாய் இல்ல, இலை இருக்கு. அதைக் கேளு” என்பார். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஊறுகாயா போட முடியும்?

நான் பணி ஓய்வு பெற்ற அன்று மற்றவர்கள் சால்வை போர்த்தினார்கள். அவர் பழைய பெயின்ட் வாளியில் ஒரு எலுமிச்சைக் கன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பட்டுச்சேலை முழுக்க மண். “விதைக்கன்னு. காய்க்க ஆறு வருசம் ஆகும். அம்புட்டு நாளும் என்னைக் கேக்காம ஒண்ணும் போடாத” என்றார். சரி என்று தலையாட்டினேன். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை அத்தனையும் இந்தத் தலையாட்டலில் தொடங்கியது.

கன்று நன்றாகத்தான் வளர்ந்தது. மூன்று வருஷம் கழித்து இலை பழுக்கத் தொடங்கியது. போன் செய்து, “மஞ்சளா இருக்குக்கா, எந்த உரம் போடட்டும்?” என்று கேட்டேன்.

“பழைய இலையா, புது இலையா?”

“ரெண்டும்தான்.”

“நரம்பு பச்சையா இருக்கா? ஓரம் கருகி இருக்கா? எத்தனை இலை?”

நான் போனை வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து எண்ணிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒண்ணும் போடாத” என்றார். ஒன்றும் போடாமல் இருப்பதற்கு எதற்கு நான் இலையை எண்ண வேண்டும்?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போட்டேன். முதலில் யூரியா. இலை வெற்றிலை அளவுக்கு விரிந்தது, ஒரு பூ வரவில்லை. பிறகு டி.ஏ.பி. பிறகு மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற சொந்தக்காரர் ஒருவர், சட்டி கழுவின தண்ணீர் மரத்துக்கு அமிர்தம் என்றார். இரண்டு கேன் வாங்கிவந்து ஊற்றினேன். எங்கள் தெருவில் இருந்த எறும்பு முழுக்க அந்த மரத்தில் ஏறியது. ஒவ்வொரு தடவையும் கோமதி டீச்சர் போனில், “எதுவும் போட்டியா?” என்று கேட்பார். “ஒண்ணும் போடலக்கா” என்பேன். “ஏட்டி கணக்கு, விடையத் திருத்திட்டுப் பேப்பரைக் காட்டுதியோ?” என்பார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும், “பசிக்குன்னு அழுத பிள்ளைக்கு மட்டுமா ஊட்டுதோம், தூங்குத பிள்ளையையும் எழுப்பி உக்கார வச்சு ஊட்டுதோம். மரத்தையாவது விடு” என்றார்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அய்யனார் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டபோது, சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. “வீட்டுல மரம் நிக்குது, பழம் கடையில” என்று கோவிலிலேயே சொல்லிக் காட்டினார். கார் தெருவில்தான் நின்றது. கொட்டகை போட வீட்டில் ஒரே ஒரு இடம் இருந்தது, அதில் எலுமிச்சை நின்றது. “தைக்குள்ள பூக்கலைன்னா வெட்டிரணும்” என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். அது டீச்சர் என் மடியில் வைத்த கன்று. அதை வெட்டிவிட்டு அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன்.

கடைசியில் முழங்கால் வலியோடு அவரே ஆடி மாதம் புறப்பட்டு வந்தார். காலி உரப்பைகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவரை அழைத்துப் போனேன். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாத்தி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். நான் போட்டது ஏதாவது தெரிந்துவிடுமோ என்று, பாத்தியில் கிடந்த சருகைக் காலால் இழுத்து மூடினேன்.

“என்ன தண்ணி விடுத?”

“நல்ல தண்ணிதான்க்கா. ஆர்.ஓ. மெஷின்ல இருந்து டியூப் போட்டு விட்டிருக்கேன். சொட்டு வீணாகாது” என்றேன், பெருமையாக.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

“உரம் எது, அதைச் சொல்லுங்க” என்றேன்.

“ஒரு நாளு தண்ணி கூடவே நடந்து வா. அது புறப்படுத இடத்துல இருந்து மரம் வரைக்கும்.”

“நேராச் சொன்னாத்தான் என்ன?”

“ஆறு வருசமா நேராத்தான சொல்லுதேன், ஒண்ணும் போடாதன்னு. கேட்டியா?” என்று சொல்லிக் கட்டில் இருக்கிற அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். தண்ணீரோடு நடப்பதாவது, மண்ணாங்கட்டியாவது. நான் நடக்கவில்லை. ஆறு வாரம் கழித்து நான் நின்றது உரக்கடையில்.

பதினாறாம் நாள் அவர் வீட்டில் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது பேச்சு எலுமிச்சைக்கு வந்தது. பள்ளி அலுவலகத்தில் இருந்தவர், டீச்சர் தனக்கு மீன் கழிவைப் புதைக்கச் சொன்னதாகச் சொன்னார். சத்துணவு அமைப்பாளர் அம்மா, “அதெல்லாம் இல்ல, பொட்டாஷ் ஒரு கைப்பிடி. எங்கிட்ட வாயாலயே சொன்னாக” என்றார். இன்னொருவருக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். எது டீச்சருடைய உண்மையான உரம் என்று இழவு வீட்டில் குரல் உயர்ந்தது. அவர்களுக்கெல்லாம் வீடு தேடிப் போய்ப் பார்த்து, ஒரு பேராவது சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் பட்டினி. மீனா காபி டம்ளரை நீட்டி, “உங்களுக்கு என்ன சொன்னாக டீச்சர்?” என்றாள். “தண்ணி கூட நடக்கச் சொன்னாக” என்றேன். சண்டை போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மீனா சிரிக்கவில்லை.

அந்த எரிச்சலில்தான் மறுநாள் காலையில் நடந்தேன். இது வெறும் கூத்து என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்காக. அடுக்களைச் சுவரில் ஆர்.ஓ. மெஷின். அதிலிருந்து இரண்டு குழாய். ஒன்று குடிக்கிற தண்ணீருக்கு. இன்னொன்று மெஷின் பிரித்துத் தள்ளுகிற உப்பையெல்லாம் சுமந்துகொண்டு வெளியே போகிற கழிவுத் தண்ணீருக்கு. அந்த இரண்டாவது குழாய்தான் ஜன்னல் வழியாக இறங்கி, சுவரோரமாகப் போய், பாத்தியில் முடிந்தது. ஆடு மேய்த்தது போலவும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆச்சு என்று நான்தான் மெஷின் மாட்ட வந்தவரிடம் சொல்லி அப்படி வைத்தேன். சருகை விலக்கினேன். மண் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அதற்கு மேல் நான் கொட்டிய உரம் வேறு. மெஷின் வந்த வருஷமும் இலை பழுக்கத் தொடங்கிய வருஷமும் ஒன்று. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

குழாயைப் பிடுங்கிச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டு, அவர் நம்பருக்கே போன் போட்டேன். மீனா எடுத்தாள்.

“குழாயைக் கண்டுபிடிச்சுட்டேன்” என்றேன்.

“அப்ப சொல்லலாம்” என்றாள். “உங்க வீட்டுல இருந்து வந்த அன்னைக்கே அத்தை எங்கிட்ட சொல்லிட்டாக. ‘நான் இல்லாத நேரம் கணக்கு போன் பண்ணி எந்த உரம்னு கேட்டா வாயத் தொறக்காத. குழாயக் கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னா மட்டும் சொல்லு’ன்னாக.”

“என்ன சொல்லச் சொன்னாக?”

“‘மூணு நல்ல மழை போகட்டும். பொறவு மக்கின சாணம் ஒரு கூடை, தண்டை விட்டு ரெண்டடி தள்ளிப் போடு. வேற ஒரு மண்ணும் வேண்டாம். கையக் கட்டிட்டுச் சும்மா இரு.’ அம்புட்டுத்தான்.”

“இதை அன்னைக்கே எங்கிட்டச் சொன்னா என்னவாம்?” என்று கத்தினேன், அந்தப் பிள்ளையிடம்.

“நானும் கேட்டேன் டீச்சர். ‘இப்பச் சொன்னா குழாயும் அங்கயே கிடக்கும், சாணமும் அஞ்சு கூடை விழும்’னு சொல்லிச் சிரிச்சாக.”

போனை வைத்துவிட்டு மரத்தடியில் அவர் உட்கார்ந்த அதே நாற்காலியைப் போட்டு அழுதேன். பதினாறு நாளும் வராத அழுகை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், மரத்தை வெட்டப்போவதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காருக்கு ஒரு உறை வாங்கிவந்து தெருவிலேயே மூடிவைத்தார். “ஆடி வரைக்கும் வாய்தா” என்றார்.

மூன்று மழை ஐப்பசியிலேயே போய்விட்டது. வ. புதுப்பட்டியிலிருந்து டீச்சரிடம் படித்த பெண் ஒருத்தி மக்கிய சாணம் இரண்டு மூட்டை அனுப்பினாள். ஒரு கூடை அளந்து போட்டேன். மீதி மூட்டை என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இழவு வீட்டுக்கு என்னோடு வந்த நுண்ணூட்டப் பொட்டலமும் அடுக்களை அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. காலையில் கை அதன் பக்கம் போகும், திரும்பி வந்துவிடும்.

மரம் புதிதாகத் துளிர்த்திருக்கிறது. நூற்றுப் பதினேழு இலை. நரம்பு பச்சை, ஓரம் கருகவில்லை. எண்ணி முடித்ததும் வழக்கம்போலப் போனை எடுத்துவிட்டேன். பழைய இலையா, புது இலையா என்று கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“கோமதிக்கா, ஒண்ணும் போடல. இந்தத் தடவை நெசமாவே போடல.”