எட்டு பேர் பார்த்த தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மந்தைவெளி அபார்ட்மென்ட்டில் வசந்தா மாமியின் பெண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியாயிற்று. இலை போடும் நேரம்... குழாயில் வெறும் காற்று!

மாமி என் கதவைத் தட்டினார். முகமே சரியில்லை.

"ஏண்டி உமா, ஃபாக்டரி மெஷினுக்கெல்லாம் நீதானே புரோகிராம் எழுதறே? இங்க கை அலம்பத் தண்ணியில்லை. சம்பந்தி முன்னாடி மானம் போறதுடி!"

கீழே ஓடினேன். மோட்டார் ரூமில் எலக்ட்ரீஷியன் குமார் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சம்ப்புல தண்ணி ரொம்பி கீது மேடம். மோட்டார்தான் இன்னா பண்ணாலும் ஓட மாட்டேங்குது."

சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் எங்கள் மோட்டாரை ஓட்டுவது ஒரு கன்ட்ரோலர், அதாவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஓட்டுவதற்கு முன் சம்ப்பில் இருக்கும் இன்னொரு கன்ட்ரோலருக்கு நெட்வொர்க்கில் ஓர் இணைப்பைத் திறந்து, "தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் ஓட்டாது. கையால் போடும் சுவிட்ச்? அதை எடுத்துவிட்டோம். வற்றிய சம்ப்பில் மோட்டாரை ஓட்டிக் கருக்கிய புண்ணியவான்கள் நாங்கள்!

லேப்டாப்பைச் செருகிப் பார்த்தேன். சம்ப் கன்ட்ரோலர் ஒரே சமயத்தில் எட்டு இணைப்புகளைத்தான் தாங்கும். எட்டும் ஃபுல். யார்? எல்லாம் நம்மவர்கள்தான். தண்ணீர் அளவு காட்டும் ஆப்பை ஆளாளுக்குத் திறந்துவிட்டு மூடாமல் வைத்திருந்தார்கள். அதில் மாமியும் ஒருவர்!

ரீஸ்டார்ட் செய்தேன். மோட்டார் வாய் திறப்பதற்குள் எட்டு போன்களும் மறுபடி ஏறிக்கொண்டன — பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதைப் போல.

வேறு வழி? குமார் மாடிப்படியில் நின்று கத்தினார்.

"எல்லாரும் அந்த ஆப்பை மூடுங்கபா! நீங்க பாத்துக்கினே இருந்தா அது எப்டி ஓடும்?"

ஒவ்வொரு வீடாக மூடினார்கள். மோட்டார் உறுமியது. அப்பாடா! எனக்கே உயிர் வந்தது. மாமி பந்தியைத் தொடங்கிவிட்டார்.

யாரைக் குறை சொல்வது? தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த ஊர் இது. தண்ணீர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாலே நமக்குப் பாதி தாகம் அடங்கிவிடும். ஆனால் இந்த ஆப்பை எழுதிய புண்ணியவானைச் சொல்ல வேண்டும்... இணைப்பைத் திறக்கத் தெரிந்தவருக்கு மூடத் தெரிய வேண்டாமா?

சாயங்காலம் உட்கார்ந்து ஓர் இணைப்பை மோட்டாருக்கென்றே ஒதுக்கினேன். எந்த போனாவது ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால், கன்ட்ரோலரே வெட்டிவிடும்.

சற்று நேரத்தில் மாமியின் போன்.

"உமா, ஆப் என்னை வெளில தள்ளிடுத்துடி!"

"குழாய்ல தண்ணி வருதா மாமி?"

"ஜோரா வரது."

"அப்புறம் என்ன?"

"வரதான்னு பார்க்கணுமேடி!"