ஆறவைத்து அளந்த நடை

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஏ.சி. போட்ட நீண்ட நடைவழி ஒன்று இருக்கிறது. தரையில் இரண்டு இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருப்பார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இருபத்தைந்து அடி. அந்த இருபத்தைந்து அடியை நான் எத்தனை நொடியில் கடக்கிறேன் என்று பார்த்துத்தான், என் வியாதி முற்றியிருக்கிறதா இல்லையா என்று இரண்டு வருஷமாக எழுதினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: மாற்றம் இல்லை. அந்த இரண்டு வருஷத்துக்குள் நான் வேலையை விட்டேன். ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்தேன். குடிகாரன் என்று பேர் வாங்கினேன். இருந்தும் காகிதத்தில் மாற்றம் இல்லை.

எனக்கு இருப்பது எம்.எஸ். என்கிற வியாதி. மூளையிலும் முதுகுத்தண்டிலும் இருக்கிற நரம்புகளின் மேலுறை அங்கங்கே அழிந்துபோகும். ஒயரின் மேல் பிளாஸ்டிக் உரிந்துவிட்டால் கரண்ட் ஒழுங்காகப் போகுமா, அந்த மாதிரி என்று டாக்டர் சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவன். எனக்கு அது போதுமாக இருந்தது.

மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் இருந்தேன். பம்புக்குள் சுழலும் ஷாஃப்டுகளைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் வேலை. ஒருநாள் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரில் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணாடி மாற்றினேன், சரியாகவில்லை. பிறகு இடது கால். காலை எடுத்து வைப்பதற்குள் செருப்பு தரையை உரசிவிடும். நிற்கிற வேலை இனி வேண்டாம் என்று முதலாளி என்னை இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு மாற்றினார். கம்பெனியிலேயே அந்த ஒரு ரூமில்தான் ஏ.சி. உண்டு. "ஒனக்குத்தாம்பா யோகம், நானே வெளிய வெந்துகினு கீறேன்" என்றார். அந்த ரூமுக்குள் நான் நன்றாகத்தான் இருந்தேன். வீடு இருக்கிற திருநின்றவூரிலிருந்து அந்த ரூமுக்குப் போய்ச்சேர முடியாமல்தான் வேலை போனது.

அந்த மருத்துவமனையில் இந்த வியாதிக்கு ஒரு மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனபோது பெரிய பெரிய காகிதமாக நிறையக் கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துவந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. பரிசோதனை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒரு வரியை நான் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். நடை குறிப்பிட்ட அளவுக்கு மோசமாகி, அடுத்த மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், அதுவரை எதைச் சாப்பிட்டவராக இருந்தாலும் அவருக்கு நிஜ மருந்தையே கொடுப்பார்கள். முற்றினால் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் காலை பத்து மணி வண்டி. திருநின்றவூரில் அந்த நேரத்துக்கே பிளாட்பாரம் சுடும். நடைமேம்பாலம் ஏறி இறங்கி, சென்ட்ரலில் இறங்கி, கூட்டத்தில் நடந்து, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் இடது கால் ஈரச் சாக்காகிவிடும். என் மனைவியின் தோள் இல்லாவிட்டால் லிஃப்ட் வரைக்கும்கூட போயிருக்க மாட்டேன். மாடியில் ஆராய்ச்சிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல பெண். எங்களைப் பார்த்ததும் எழுந்து வருவாள்.

"வாங்க அங்கிள். வெயில்ல வந்திருக்கீங்க. ஏ.சி.ல ஒக்காருங்க, தண்ணி குடிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிக்கலாம்."

ஒரு மணி நேரத்தில் கால் திரும்பி வந்துவிடும். முழுதாக இல்லை, ஆனாலும் வந்துவிடும். பிறகு ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அவள் "ரெடி அங்கிள்" என்பாள்.

இதில் என் தப்பும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஒருவர் அளவு எடுக்க நிற்கிறார் என்றால் பாஸாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். கம்பெனியில் முப்பது வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஏழு நொடி. "சூப்பர் அங்கிள்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மோசம் என்று எழுதினால்தான் மருந்து கிடைக்கும் என்று தெரிந்தவன், சூப்பர் என்ற வார்த்தைக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது மனைவி ரயிலில் ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாய்யா, அங்க போனா மாப்ள அழைப்புக்கு நடக்குற மாரி நடக்குற. ஊட்டாண்ட வந்தா செவுத்த புட்ச்சிகினு நிக்கிற. இத அந்தப் பொண்ணாண்ட சொல்ல வேண்டியதுதான?"

"அவங்களுக்குத் தெரியாதா."

"எப்டி தெரியும்? அவுங்க இன்னா நம்ம மொட்ட மாடி ரூம்ல வந்து குந்திகினா கீறாங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நாலு பேர் எதிரில் பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

இந்த வருஷம் மே மாதம், ரேஷன் கார்டு விஷயமாக ஆவடிக்குப் போகத் தனியாகக் கிளம்பினேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதி இறங்கும்போது இடது கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்தேன், கம்பி கொதித்தது, கையை எடுத்துவிட்டேன். ஆறேழு படி உருண்டு கீழே வந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் வாயும் குழறியது. பின்னால் வந்த ஆள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே போனில் சொன்னான்: "இல்ல மச்சான், வழில ஒரு ஆளு காலைலயே ஊத்திகினு உயுந்து கெடக்குறான். அதான் லேட்டு."

பூ விற்கிற அம்மா ஒருவர் வந்து தண்ணீர் தெளித்த பிறகுதான் உட்கார முடிந்தது. நான் வாழ்க்கையில் குடித்ததே இல்லை. அதை அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் விழுந்ததைச் சொன்னேன். மனைவி என் முதுகில் விரலால் குத்திக்கொண்டே இருந்ததால் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வெயில்ல உங்களுக்கு அப்படித்தான் ஆகும். உடம்பு சூடானா, பழைய அடிபட்ட நரம்பு வேலை செய்யாது. ஆறினா திரும்ப வந்துடும். அது புதுசா வியாதி ஏறினதா அர்த்தம் இல்லை. அதனாலதான் உங்களை உக்கார வச்சு, குளுமையானதுக்கு அப்புறம் டெஸ்ட் எடுக்கறோம். எல்லாருக்கும் ஒரே நிலைமையில அளக்கணும் இல்லையா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் வேடிக்கை. மெஷினிலிருந்து இறங்கின ஜாப்பை, அதாவது தேய்த்து முடித்த ஷாஃப்டை, நாங்களும் சூட்டோடு அளக்க மாட்டோம். இரும்பு சூட்டில் விரிந்திருக்கும், அளவு பொய் சொல்லும். ஏ.சி. ரூமில் வைத்து ஆறவிட்டுத்தான் மைக்ரோமீட்டர் போடுவோம். அவசரப்பட்டு அளந்த பையன்களை நானே திட்டியிருக்கிறேன். ஆக டாக்டர் சொல்வது சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பட்டரைவாக்கம் தாண்டும்போது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டின் கூரைகள் தெரிந்தன. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் ஆறவைத்து அளந்தோம், உண்மைதான். ஆனால் அந்த ஷாஃப்ட் பம்புக்குள் ஓடும்போது எவ்வளவு சூடாகும் என்று முன்னாலேயே யோசித்து, அதற்கு இடைவெளி விட்டுத்தான் டிராயிங்கில் அளவே போட்டிருப்பார்கள். அது ஓடப்போகிற இடம் எது என்று தெரியாமல் ஒரு இரும்புத் துண்டுக்குக்கூட அளவு சொல்ல முடியாது. என்னிடம் இரண்டு வருஷத்தில் ஒருவர் ஒரு தடவைகூட, நீ ஓடுகிற இடம் எவ்வளவு சூடு என்று கேட்கவில்லை. நான் ஏ.சி. நடைவழியில் வாழ்கிறவன் இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் அடிக்கிற ஊரில், தகரம் போட்ட மொட்டைமாடி ரூமில் இருக்கிறேன். அங்கே என் கால் என் கால் இல்லை. போன வருஷம் மே மாதம் நான் அதே மேம்பாலத்தில் மெதுவாகவாவது தனியாக இறங்கினேன். வெயிலில் என்னால் முடிந்தது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கொடுத்த நகல்களைப் புரட்டினால், கடைசியில் 'நோயாளி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா' என்று ஒரு வரி. எல்லாத் தாளிலும் 'இல்லை'. முதல் தடவை அந்தப் பெண் கேட்டாள், நான் தலையசைத்தேன். அதற்கப்புறம் அவள் கேட்டதே இல்லை. 'இல்லை' என்று எழுதிய பிறகுதான் தாள் என்னிடம் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. நானும் போட்டிருக்கிறேன். அவள் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்தது அதிகம்.

கடைசி முறை போனது ஆகஸ்டில். அதோடு ஆராய்ச்சி முடிகிறது. அன்றைக்கும் நல்ல வெயில். நாங்கள் மாடிக்குப் போனதும் அந்தப் பெண் வழக்கம்போல் எழுந்து வந்தாள்.

"ஒக்காருங்க அங்கிள், தண்ணி..."

"இப்பவே நடக்குறேம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ஒக்கார மாட்டேன். இப்ப ஒருதடவ எடுங்க. ஆறினப்புறம் ஒருதடவ எடுங்க. ரெண்டையும் எழுதுங்க."

"ரூல்ஸ்ல அப்படி இல்லையே அங்கிள்."

"ரூல்ஸுல இல்லன்னா படிக்கட்டுல உயுறது நின்னுடுமாம்மா?" என்றாள் மனைவி.

பெண் உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகள் எல்லோரும் பார்த்தார்கள். என் காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது. உட்கார்ந்தால் கால் ஆறிவிடும், ஆறினால் என் பேச்சும் போய்விடும் என்று தெரிந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷாஃப்ட் கதையை டாக்டரிடம் சொன்னேன். ஆறவைத்து அளப்பது, ஓடும்போது வருகிற சூடு, அதற்கு விடுகிற இடைவெளி. கோர்வையாகச் சொன்னேனா தெரியாது.

"நீங்க சொல்றது புரியுது" என்றார் கடைசியில். "ஆனா இப்ப எடுக்கறது முடிவுல சேராது. அதை வச்சு மருந்து மாத்த எனக்கு அதிகாரம் இல்லை."

"சேர வேணாம் சார். எழுதுங்க."

நடந்தேன். பாதியில் சுவரில் கை வைத்தேன். இரண்டாவது மஞ்சள் டேப்பைத் தொட இருபத்திரண்டு நொடி. அந்தப் பெண் சூப்பர் என்று சொல்லவில்லை. ஸ்டாப்வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி நடந்தேன். எட்டு நொடி. மாற்றம் இல்லை என்பதற்குள் அடங்குகிற எட்டு.

தாள் வந்தது. அந்த வரியில் அன்றைக்கும் 'இல்லை' ஏற்கெனவே எழுதியிருந்தது. அவள் முகம் சிவந்து அதை அடித்துவிட்டு, வந்தவுடன் இருபத்திரண்டு, ஆறியபின் எட்டு என்று எழுதினாள். எங்கள் கம்பெனியில் டிராயிங்கில் இல்லாத எதையாவது எழுதினால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொல்லி, பக்கத்தில் டாக்டரையும் போடச் சொன்னேன். போட்டார். நானும் போட்டேன்.

மருந்து வரவில்லை. ஆராய்ச்சி முடிந்தது, உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று ஒரு கடிதம் வந்தது. நான் சாப்பிட்டது மருந்தா வெறும் மாத்திரையா என்று பிறகு சொல்வார்களாம். அந்த மருந்து கடைக்கு வந்தால், அதன் காகிதத்தில் என் எட்டு நொடிதான் சேர்ந்திருக்கும். இருபத்திரண்டு ஒரு ஓரத்தில் கிடக்கும். யாராவது ஒருவர் அந்த ஓரத்தைப் படித்து, வெயில் ஊர்க்காரர்களை வெயிலிலும் ஒருமுறை நடக்கவிட்டுப் பாருங்கள் என்று சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு நானே அடுத்த டாக்டரிடம் போவேன். மனைவி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் மேம்பாலத்தில் நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவன், "பெருசு, மப்புல கீறியா, ஓரமா போ" என்றான்.

நான் திரும்பினேன். "குடிக்கல தம்பி. நரம்பு வியாதி. வெயில்ல கால் வராது. தாண்டிப் போ" என்றேன்.

அவன் தாண்டிப் போகவில்லை. கீழே வரும் வரைக்கும் பின்னாலேயே மெதுவாக வந்தான்.