கடைசி மூட்டை

அறுபத்தொன்றாம் பக்கத்தில் பிச்சைக்கனிக்குக் கோபம் வந்தது.

பாடத்துக்கு வைத்திருந்த பழைய நாவல் அது. பஞ்ச காலத்தில் இரண்டு கூட்டாளிகள் மலைத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகிறார்கள். ஒருவன் காய்ச்சலில் படுத்துவிடுகிறான். மற்றவன் அவனுடைய பங்கு மூட்டைகளையும் சேர்த்துச் சுமக்கிறான். அதுவரை பிச்சைக்கனிக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு இடத்தில் கண்கூடக் கலங்கியது. ஆனால் அறுபத்தொன்றாம் பக்கத்தில் அந்த மகராசன் ஆளில்லாத கிடங்கில் ஒரு மூட்டையைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று மலையேறிவிடுகிறான்.

“எழுதின ஆளு ஜென்மத்துல மூட்டையத் தொட்டிருக்க மாட்டாரு, கேட்டியா?” என்றான் பிச்சைக்கனி, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி பூமாரியிடம்.

“ஒங்களுக்கு மார்க் போடப்போறது அவரா, டீச்சரா? டீச்சருக்குப் பிடிச்ச மாதிரி எழுதுங்க.”

நல்ல யோசனைதான். ஆனால் பிச்சைக்கனிக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தால் விடாது. நாவலின் பெயர்கூட அவன் மனதில் நிற்கவில்லை. ‘அந்த மலை புக்’ என்றுதான் சொல்வான். அறுபத்தொன்றாம் பக்கம் மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றது.

அவனுக்கு வயது நாற்பத்தேழு. திசையன்விளைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து மலையாள தேசத்துப் பழவங்காடியில் இறங்கியபோது இருபத்தொன்று. அன்றிலிருந்து ஆரியசாலைக் கடைத்தெருவில் சுமட்டு வேலை, மூட்டை தூக்குவது. லாரி வந்து நின்றால் நீலச் சட்டைக்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். இவனுக்கு இருபத்தாறு வருஷமாகக் கூட்டு சுவாமிதாஸ். பூமாரியின் முகத்தைவிட சுவாமிதாஸின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறான். அதுவும் மூட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் முகம்.

வேலை இப்படித்தான் நடக்கும். தரையில் கிடக்கும் மூட்டையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடிப்பார்கள். சுமக்கப்போகிறவன் உள்ளங்கையால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவான். நான் தயார், நீ தூக்கு என்று அர்த்தம். ஒரே மூச்சில் மூட்டை மேலே போகும், அவன் சும்மாட்டோடு தலையைக் கொடுத்து உள்ளே நுழைவான். கடைசி மூட்டை மட்டும் தூக்கிக்கொடுத்தவனுடையது. சுமந்து போனவன் கடையிலிருந்து திரும்பி வந்து அதை அவன் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டால் போதாது, வெறுங்கையை வீசிக்கொண்டு கடை வரைக்கும் கூடவே நடக்கவும் வேண்டும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. யூனியன் சட்டத்திலும் கிடையாது. ஆனால் நடக்காதவனோடு மறுநாள் ஒருவரும் கூட்டுச் சேர மாட்டார்கள்.

படிக்கிற யோசனை சுவாமிதாஸுடையது. அவன் மகள் ஜெஸி கல்லூரியில் சேர்ந்தபோது, படிவத்தில் தகப்பனுடைய படிப்பைக் கேட்ட கட்டத்துக்கு வந்ததும், “ஏழாம் கிளாஸ்னு போடவா அப்பா?” என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் அவளே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் மனதில் ஒன்றுமில்லை. சுவாமிதாஸுக்குத்தான் அந்தக் கோடு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“எடே கனி, நாம பத்து எழுதணும்.”

“எனக்கு எதுக்குடே?”

“எனக்குத் துணைக்கு.”

சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பு. மலையாளத்தில் துல்யதா என்பார்கள். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். பதினோரு பேர் சேர்ந்தார்கள். கௌசல்யா டீச்சருக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். எல்லோரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டே வேலை வாங்கிவிடுவார்.

துணைக்கு வந்தவனுக்குத்தான் விருந்து பலமாக விழுந்தது. பிச்சைக்கனி ஊரிலிருந்து வந்த பிறகும் மிளகாய் கட்டி வந்த தாளைக்கூடப் பிரித்து மூலைவரை படிக்கிறவன். வகுப்பில் வெளுத்து வாங்கினான். சுவாமிதாஸ் படித்ததையெல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவனை எழுந்து நாவலை வாசிக்கச் சொன்னார். வேர்த்துக் கொட்ட ஒரு வரியை வாசித்து முடித்தான். விரல் நழுவி, அதே வரியை மறுபடி வாசித்தான். மூன்றாம் தடவையும் அதே வரிக்கு வந்தபோது பிச்சைக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. அவன் சிரித்ததும், இவனே சிரிக்கிறானே, நமக்கென்ன என்று மற்றவர்களும் சிரித்தார்கள். சுவாமிதாஸ் புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான். குடையைக்கூட எடுக்கவில்லை.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. சுவாமிதாஸ் வகுப்புக்கு வரவில்லை. தெருவில் கூட்டை முறிக்கவும் இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. காலையில் வருவான், மூட்டையைப் பிடிப்பான், இரண்டு தட்டுத் தட்டுவான், சுமப்பான். அந்த வேலைக்கு வாய் தேவையில்லை என்பதே பிச்சைக்கனிக்கு அப்போதுதான் தெரிந்தது. டீக்கடையில் மட்டும் ஆளுக்கொரு ஓரத்தில் நின்றார்கள்.

போன ஞாயிறு டீச்சர் இரண்டு விஷயம் சொன்னார். “எல்லாரும் அடுத்த வாரம் நாவலைப் பத்தி ஒரு ஆஸ்வாதனக் குறிப்பு, அதான் ரசனைக் குறிப்பு, எழுதிட்டு வரணும். கதைய அப்படியே எழுதாதீங்க அண்ணா, உங்களுக்கு என்ன தோணிச்சோ அதை எழுதுங்க.” இரண்டாவதை வகுப்பு கலைந்த பிறகு பிச்சைக்கனியிடம் தனியாகச் சொன்னார். “சுவாமிதாஸ் அண்ணன் அஞ்சு கிளாஸ் ஆப்சென்ட். அடுத்த வாரமும் வரலேன்னா பேரை வெட்டாம வேற வழியில்லை. ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.”

எதைச் சொல்வது? புதன்கிழமை அரிசி லாரி வந்தது. கடைசி மூட்டை சுவாமிதாஸுக்கு. பிச்சைக்கனி திரும்பி வந்து, ஏற்றிவிட்டு, கூட நடந்தான். கடைக் கிடங்குக்கு நூற்றைம்பது அடி. இன்று சொல்லிவிட வேண்டும் என்று முதல் அடியிலேயே நினைத்தான். பாதி வழியில் தொண்டையைச் செருமினான். கிடங்கு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அத்தனை நீளமான நடை அவன் நடந்ததில்லை.

அன்று சாயங்காலம்தான் பேனாவை எடுத்தான். டீச்சருக்குப் பிடிக்குமா என்று யோசிக்கவில்லை. எழுதி முடித்ததும் பூமாரியிடம் காட்டினான். அவள் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்து, “இது டீச்சருக்கு எழுதினது மாதிரி இல்லையே,” என்றாள்.

சனிக்கிழமை தாளைச் சட்டைப் பைக்குள் வைத்து, சுவாமிதாஸ் விட்டுப்போன நாள்முதல் தன் வீட்டில் தொங்கிய குடையையும் எடுத்துக்கொண்டு அவன் வீடிருக்கும் கரமனைக்குப் பஸ் ஏறினான். கதவைத் திறந்த ஜெஸி, “வாங்க மாமா,” என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, சட்டென்று உள்ளே திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சுவாமிதாஸ் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். பிச்சைக்கனி தாளை நீட்டினான்.

நீட்டிய பிறகுதான் உறைத்தது. வாசிக்க முடியாமல் அவமானப்பட்டவனுக்கு வாசிக்கக் கொடுக்கிறோமே! இப்படியொரு மடையன் உண்டா? பிடுங்கிக்கொள்ளலாமா என்று கை துடித்தது. அதற்குள் சுவாமிதாஸ் வாங்கிவிட்டான். விரலை வைத்தான். உதடு அசைய ஆரம்பித்தது.

ஜெஸி போட்டுவந்த காப்பியில் ஆடை படிந்தது. வெளியே மழை தூறத் தொடங்கியது. விரல் நகர்ந்து, நின்று, பின்னால் போய், மறுபடி நகர்ந்தது. பிச்சைக்கனி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நேரம் வாயைத் திறக்காமல் அவன் உட்கார்ந்தது மாமனார் வீட்டில்கூடக் கிடையாது.

கடைசி வரியில் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு சுவாமிதாஸ் தாளை நான்காக மடித்துத் தலையணைக்கடியில் வைத்தான்.

“குடை கொண்டாந்தியா?” என்றான்.

“ம்.”

“அங்கன வச்சிட்டுப் போ.”

அவ்வளவுதான். பிச்சைக்கனி நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. குறிப்புக்கு நகல் கிடையாது. நாளைக்கு டீச்சர் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் முதலில் அவனைத்தான் கேட்டார். “குறிப்பு எங்கண்ணா?”

“எழுதினேன் டீச்சர்.”

“எழுதி?”

பிச்சைக்கனி தலையைச் சொறிந்தான். டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். சுவாமிதாஸின் பெயருக்கு நேரே பேனா போனபோது இவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுவாமிதாஸ் வாசலில் நின்று குடையை உதறினான். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

“குறிப்பு எங்கிட்ட இருக்கு டீச்சர். நான் வாசிக்கட்டா?”

யாருடைய குறிப்பு என்று டீச்சர் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சுவாமிதாஸ் முன்னால் போய் நின்று, நான்காக மடித்த தாளைப் பிரித்து, விரலை வைத்தான்.

“இந்த நாவல் நன்றாக இருக்கிறது. ஆனால் 61ஆம் பக்கம் தப்பு. மூட்டையை ஒருவன் தன் தலையில் தானே வைக்க முடியாது. ஒருவன் தூக்கிக்கொடுக்க வேண்டும். நாவலில் அந்த ஆள் இல்லை. காய்ச்சலில் கிடந்த கூட்டாளி எழுந்து வந்து தூக்கிக்கொடுத்திருப்பான் என்று நான் நினைக்கிறேன். எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. சுமப்பவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.”

மெதுவாகத்தான் வாசித்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பதிவேட்டை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் கூட்டாளி பெயர் சுவாமிதாஸ். அவனுடைய கடைசி மூட்டைக்கு நான் எப்போதும் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு நாள் வரவில்லை. அது தெருவில் அல்ல, இந்த வகுப்பில். அவன் வாசிக்கும்போது நான் சிரித்தேன். நாவலில் வருகிற கூட்டாளியைப் போல் நான் இல்லை. எனக்கு…”

விரல் நின்றுவிட்டது. வகுப்பு காத்திருந்தது. அவன் தலையை நிமிர்த்தாமல் தாளின்மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. பிச்சைக்கனி பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடாத குறையாக முன்னால் போய், அவன் பக்கத்தில் நின்றான்.

“எனக்கு வெக்கமா இருக்கு,” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

சுவாமிதாஸ் தாளை மடித்து டீச்சரிடம் கொடுத்தான். பின் பெஞ்சுக்கு அவன் நடக்க, பிச்சைக்கனி வெறுங்கையை வீசிக்கொண்டு கூடவே நடந்தான்.

அன்று மத்தியானம் ஜெஸி போன் செய்தாள். “அப்பா கிளாஸ்ல ஒழுங்கா வாசிச்சாரா மாமா?”

“நல்லாத்தான் வாசிச்சான் மக்கா. கடைசி வரியில மட்டும் ஒரு இடத்துல தட்டி நின்னுட்டான்.”

“அப்படியா? காலைல கோயிலுக்குக்கூடப் போகாம வீட்ல இருந்து நாலு தடவை வாசிச்சாரு. ஒரு இடத்துலயும் நிக்கலியே!”

பிச்சைக்கனி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் அதையே பார்த்தான்.

“கள்ளன்,” என்றான் பூமாரியிடம். சொல்லும்போது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.